கை வைக்காத பாடம்

ரோஸ்வால், வடக்கு டகோட்டா
18 செப்டம்பர் 1988

அன்புள்ள தம்பி டெல்மருக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அரசாங்கக் கட்டடத்தில் இருக்கும் உன் காபிக் கடையில் நாள் முழுக்க நிற்காதே, ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொள் என்று சொன்னேனே, வாங்கினாயா?

விரலை வைத்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இது நானே பிரெயிலில் அடித்த கடிதம். இத்தனை வருடமும் நான் எழுதியதை யாராவது ஒருவர் உனக்குப் படித்துக் காட்டினார்கள். இனி நமக்கு நடுவில் ஆள் வேண்டாம். தப்பு இருந்தால் சிரித்துக்கொள், எண்ணிக்கொண்டு இருக்காதே.

விஷயம் இதுதான். என் மூன்றாம் வகுப்பில் ஜோலீன் என்று ஒரு பெண் இருக்கிறாள். தானியக் கிடங்கு ஆபீஸில் வேலை செய்கிறாளே ரோண்டா, அவள் மகள். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் கண் போய்விட்டது. எப்போதாவது வந்துபோன பிரெயில் டீச்சரும் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் அவளைப் பார்வையில்லாதவர்களுக்கான மாநிலப் பள்ளியின் விடுதிக்கு அனுப்பவேண்டியதுதான் என்கிறது பள்ளிக் குழு. எனக்குப் பொறுக்கவில்லை. நானே பயிற்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஏற்கெனவே லைசன்ஸ் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு, பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லித்தருகிறார்கள். கோடை முழுக்கக் கல்லூரியில் இருந்தேன். இனி மாதம் ஒரு சனி ஞாயிறு போகவேண்டும். குளிர்காலம் முடிவதற்குள் பயிற்சியாளர் என் வகுப்புக்கே வந்து பார்ப்பார். நான் தேறினால் ஜோலீன் தன் வீட்டில் இருப்பாள். தேறாவிட்டால் நீ போன மாதிரி அவளும் போவாள்.

அப்பா உன்னை பஸ்ஸில் ஏற்றிவிட்ட அந்த நாள் உனக்கு எப்படி இருந்தது என்று எழுது. நாம் இதுவரை அதைப் பேசியதே இல்லை. எனக்கு அது தெரியவேண்டும்.

அப்பா முதியோர் இல்லத்தில் சுகமாக இருக்கிறார். ஞாயிறுதோறும் மாவு உருண்டை போட்ட நெஃப்லா சூப் கொண்டுபோகிறேன். அவர் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். அவரிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது? அது உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வெர்னா


பிஸ்மார்க்
2 அக்டோபர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஸ்டூல் வாங்கினேன். அதில் வருமான வரி ஆபீஸ் ஆட்கள் உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது. மூன்றாம் தடவை சும்மா, ஆசைக்கு. அக்கா எழுதியதை என் விரலாலேயே படிப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. ரொம்ப நன்றி. கடையை மூடிவிட்டு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஆனால் இனிமேல் மடித்து அனுப்பாதே. புள்ளி எல்லாம் அமுங்கிப்போகிறது. பெரிய உறையில் போடு. பிரெயில் கடிதத்துக்குத்தான் தபால் இலவசமாயிற்றே, அரசாங்கம் சுமக்கட்டும்.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல பஸ். உள்ளே கதகதப்பாக இருந்தது.

அப்பா இன்னும் ரேடியோவில் கோதுமை விலை கேட்கிறாரா? வயலை விற்றபிறகும் விடமாட்டாரே. சூப்பில் உப்பு போடுகிறாயா? டாக்டர் சொன்னார் என்று முழுக்க நிறுத்திவிடாதே, பாவம். அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுது.

தம்பி,
டெல்மர்


ரோஸ்வால்
13 நவம்பர் 1988

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. நீ வழுக்கி விழாமல் நட.

போன வாரம் பயிற்சியில் எங்கள் எல்லோருக்கும் கண்ணைக் கட்டிவிட்டார்கள். கறுப்புப் பட்டை, ஒரு வெள்ளைக் கம்பு, அவ்வளவுதான். அப்படியே உணவுக்கூடத்துக்குப் போய், வரிசையில் நின்று, சாப்பாடு வாங்கி, மேஜை தேடி உட்காரவேண்டும். வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். தச்சு வகுப்பு வாத்தியார் கேரி, கண்டிப்புக்குப் பேர்போனவர், கெட்ச்அப் என்று நினைத்துச் சாக்லேட் பாகை இறைச்சியின் மேல் ஊற்றிக்கொண்டார். "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்று முழுவதையும் தின்றார். நான் சுவரோரமாகவே போய், துடைப்பங்கள் வைத்திருந்த அறைக்குள் நுழைந்துவிட்டேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மிஸ் ஓடகார்ட் வெளியே நின்றுகொண்டு, "உள்ள வாசனை எப்படி இருக்கு, மிசஸ் ஷெஃப்லர்? சாப்பாட்டு வாசனையா?" என்று கேட்டார். வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை. கல் நெஞ்சுக்காரி.

ஜோலீனைப் பற்றிச் சொல்லவேண்டும். தங்கமான குழந்தை. அவளை நான் ஒரு நிமிடம் கூடத் தனியே விடுவதில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் கையைப் பிடித்துக்கொள்வேன். கோட்டை நானே கழற்றி மாட்டுகிறேன். மதியம் அவள் தட்டை நான் எடுத்துவந்து, இறைச்சியைத் துண்டாக்கி, பால் டப்பாவைத் திறந்து வைக்கிறேன். பிரெயில் படிக்கும்போது என் கையை அவள் கைமேல் வைத்து வரி வரியாக நகர்த்துகிறேன். ரோண்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா என் பொண்ணு என்ன ஆகியிருப்பா" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்பா சுகம். கோதுமை விலை கேட்கிறார். வேறு என்ன எழுத?

பஸ் கதகதப்பாக இருந்தது என்று எழுதினாயே, அது பதிலா? நான் தமாஷுக்குக் கேட்கவில்லை, டெல்மர்.

அன்புடன்,
வெர்னா


பிஸ்மார்க்
19 டிசம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நீ அனுப்பிய லெஃப்ஸா ரொட்டி உடையாமல் வந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் தடவிக் கடையில் எல்லோருக்கும் ஒரு சுருள் கொடுத்தேன். நீதிபதி ஒருவர் இரண்டாவது கேட்டார். கொடுக்கவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். ஜோலீன் ஒரு நாளாவது தன் தட்டைத் தானே தூக்கியிருக்கிறாளா?

அப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்.

டெல்மர்


ரோஸ்வால்
12 பிப்ரவரி 1989

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மிஸ் ஓடகார்ட் வந்து என் வகுப்பைப் பார்த்தார். காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜோலீன் ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பிள்ளைகள் வெளியே போனதும் அவர் கேட்டார்.

"மிசஸ் ஷெஃப்லர், இன்னிக்குக் காலைலேருந்து ஜோலீன் தானா எதையாவது செஞ்சாளா?"

"படிச்சாளே."

"நீங்க படிச்சீங்க. அவ கை உங்க கைக்கு அடில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. கோட்டு நீங்க கழட்டுனீங்க. பால் டப்பா நீங்க தொறந்தீங்க. அவ மூக்கக்கூட நீங்கதான் தொடச்சீங்க."

"சின்னக் குழந்த, மிஸ் ஓடகார்ட். கண்ணு தெரியாது."

"எட்டு வயசு. கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அவ கைமேல உங்க கைய வைக்காதீங்கன்னு கோடைலயே சொன்னேன். உங்க கை கீழ இருக்கணும். அப்பத்தான் அவளுக்கு வேணும்னா வச்சுப்பா, வேணாம்னா எடுத்துப்பா. உங்களுக்குப் பாடம் எல்லாம் மனப்பாடம். கைதான் கேக்க மாட்டேங்குது."

தேறவில்லை, டெல்மர். இருபது வருடம் பாடம் நடத்தியவளுக்கு இந்தக் கதி. ஏப்ரல் கடைசியில் இன்னும் ஒரு தடவை வந்து பார்ப்பாராம். அதுதான் கடைசி. அதிலும் கோட்டைவிட்டால் ஜோலீன் போகவேண்டியதுதான்.

என் கை ஏன் கேட்கமாட்டேன் என்கிறது என்று எனக்குத் தெரியும். நீ போனபோது உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. அன்றைக்கு அம்மா உன் கட்டிலில் படுத்து அழுதாள். அப்பா அந்தி சாய்ந்து வெகுநேரம் கழித்து வந்தார், டிரக் ரிப்பேர் என்றார், கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கண் தெரியாத பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு எப்படிச் சோறு இறங்கியது அவருக்கு? நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. ஜோலீனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டில்தான் ஞாபகம் வருகிறது. கை தானாகப் போகிறது.

எனக்கு ஒரு வழி சொல். சீக்கிரம் எழுது.

வெர்னா


ரோஸ்வால்
8 மார்ச் 1989

அன்புள்ள டெல்மருக்கு,

நலமா? பதிலே இல்லை. கடைக்குப் போன் செய்தேன். "டெல்மர் கொஞ்சம் வேலையா இருக்கார்மா" என்று யாரோ சொன்னார்கள். பின்னால் உன் இருமல் கேட்டது.

நான் தப்பாக ஏதாவது எழுதிவிட்டேனா? இரண்டு வரி போடு, போதும்.

வெர்னா


பிஸ்மார்க்
26 மார்ச் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். வேலையும் ஒன்றுமில்லை. போனுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் கையை ஆட்டிவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா என்னை அனுப்பவில்லை. நான்தான் போகவேண்டும் என்று கேட்டேன்.

நம் வீட்டில் எனக்கு அன்புக்குக் குறைவில்லை. அம்மா இறைச்சியை வெட்டிக் கொடுப்பாள், நீ பூட்ஸ் கயிறு கட்டிவிடுவாய். கன்றுக்குட்டி அருகே போனால் "மிதிச்சிடும்", அடுப்பருகே போனால் "சுட்டுடும்". நீங்கள் எல்லோரும் வேலை செய்வதை நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீயும்தான் அக்கா, கோபித்துக்கொள்ளாதே. மாவட்ட நர்ஸ் வந்து அந்தப் பள்ளியைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அங்கே பிள்ளைகள் தாங்களே படுக்கை விரிக்கிறார்கள், மரவேலை செய்கிறார்கள் என்றார். அம்மா அவருக்குக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

அடுத்த நாள் அப்பாவோடு டிரக்கில் போகும்போது கேட்டேன். "அப்பா, என்ன அந்த ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க."

டிரக்கை ஓரமாக நிறுத்தினார். அப்புறம், "அம்மாவ என்னடா பண்றது?" என்றார்.

"நீங்க சொன்னதா இருக்கட்டும். நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. அவங்களுக்குத் தாங்காது."

"சரி" என்றார். அவ்வளவுதான். ஒன்பது வயதுப் பையன் கேட்ட வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறார். அம்மா அவரைத் திட்டினாள், பேசாமல் இருந்தாள், நீயும் பேசாமல் இருந்தாய். ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

பள்ளியில் முதல் நாள் என் கையில் கத்தியைக் கொடுத்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவச் சொன்னார்கள். விரலை வெட்டிக்கொண்டேன். பிளாஸ்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொன்னார்கள், நானே போய் எடுத்து ஒட்டிக்கொண்டேன். அக்கா, அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? ராத்திரி ஏங்கி அழுதது உண்மைதான். இரண்டும் உண்மை.

அம்மா இருந்தவரை சொல்ல மனமில்லை. அவள் போனபிறகு சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆக நாக்கு எழவில்லை. இன்று இந்தக் கடையில் என் காலில் நிற்கிறேன் என்றால் அதற்கு அப்பாதான் காரணம். அவருக்கு நான் பட்ட கடன் தீராது.

இதைப் படித்துவிட்டு ஜோலீனையும் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதே. நான் வேறு, அவள் வேறு. எனக்கு வீட்டில் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, அவளுக்கு நீ இருக்கிறாய். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா?

உன் தம்பி,
டெல்மர்


ரோஸ்வால்
2 ஏப்ரல் 1989

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது.

இன்று ஞாயிறு. அப்பாவுக்குச் சூப் கொண்டுபோனேன். உப்பு போட்டேன்.

வெர்னா


ரோஸ்வால்
7 மே 1989

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் விட்டதா?

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். ஒரு வாரம் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். அப்புறம் ஒரு நாள் ஜோலீனைக் கேட்டேன்.

"உனக்கு அந்தப் பெரிய ஸ்கூலுக்குப் போகணுமா, இங்கயே இருக்கணுமா?"

"இங்கதான். எங்க நாய் இங்கதான இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருவீங்களா, மிசஸ் ஷெஃப்லர்? உங்க மூச்சு என் காதுல படுது."

தள்ளி உட்கார்ந்தேன், டெல்மர். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. கோட்டுப் பொத்தானோடு அவள் மல்லுக்கட்டியபோது நான் கரும்பலகையைத் துடைப்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மிஸ் ஓடகார்ட் வந்த அன்று சில்லி என்கிற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் போட்டார்கள். ஜோலீன் ஒரு கையில் கம்பு, மறு கையில் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். நான் மேஜையில் இருந்தேன். தட்டு சாய்வது எனக்குத் தெரிகிறது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சில்லிக் கிண்ணம் சரிந்து கீழே போயிற்று.

"யார் மேலயாவது கொட்டிடுச்சா?" என்றாள் ஜோலீன்.

"என் ஷூ மேல" என்றார் மிஸ் ஓடகார்ட்.

"ஐயய்யோ, சாரி. இருங்க, துணி வாங்கிட்டு வரேன்." தட்டை வைத்துவிட்டு, கம்பைத் தட்டிக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போனாள். துணியோடு ஒரு கிண்ணம் புதுச் சில்லியும் கேட்டு வாங்கிவந்தாள். இந்தத் தடவை அது மேஜைக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் மிஸ் ஓடகார்ட் கேட்டார், "இன்னிக்கு நீங்க என்ன செஞ்சீங்க, மிசஸ் ஷெஃப்லர்?"

"ஒண்ணும் செய்யல."

"அதுக்குத்தான் மார்க்கு" என்று சொல்லி எனக்குக் கைகொடுத்தார். அந்தக் கல் நெஞ்சுக்காரிக்கு நான் எந்த நாளும் நன்றி மறக்கமாட்டேன். பள்ளிக் குழுவும் ஒத்துக்கொண்டது. அடுத்த வருடமும் ஜோலீன் இங்கேதான்.

எல்லாவற்றையும்விட உனக்குத்தான் நன்றி. நீ சொல்லியிருக்காவிட்டால் நான் பாய்ந்து பிடித்திருப்பேன்.

அப்பாவிடம் மட்டும் இன்னும் வாய் திறக்க முடியவில்லை. போகிறேன், எதிரில் உட்காருகிறேன், சூப்பைக் கொடுக்கிறேன். இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு எங்கே தொடங்குவது?

அன்புடன்,
வெர்னா


பிஸ்மார்க்
21 மே 1989

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் செய்தியைக் கடையில் எல்லோருக்கும் சொன்னேன். அன்று காபி என் கணக்கில். நீதிபதிக்கும்கூட.

ஜோலீனுக்கு ஒரு வேலை நடந்தது, எனக்கும் ஒரு வேலை நடக்கவேண்டும். அப்பாவிடம் போய், டெல்மரே சொல்லிவிட்டான், இனி அந்த வாக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் போனில் சொன்னால் காது கேட்காததுபோல் இருந்துவிடுவார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டாய். கோதுமை விலையில் தொடங்கு.

டெல்மர்


ரோஸ்வால்
4 ஜூன் 1989

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ சொன்னபடி கோதுமை விலையில் தொடங்கினேன். சூப் பாதி குடித்திருந்தார். அப்போது சொன்னேன், "அப்பா, டெல்மர் எனக்கு எல்லாம் எழுதிட்டான். அவன்தான் போகணும்னு கேட்டானாம்."

கரண்டியைக் கீழே வைத்தார். "அவனே சொன்னானா?"

"அவனேதான்."

"அப்ப சரி" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். "சூப்பு ஆறுது பாரு" என்றார்.

பிறகு, "நீ புள்ளி வச்சு எழுதறியாமே, அந்த மெஷினக் கொண்டா" என்றார். இத்தனை வருடம் அவர் உனக்கு ஏன் ஒரு கடிதமும் போடவில்லை என்று கேட்டேன். "எவனோ ஒருத்தன் படிச்சுக் காட்டணும்ல. எங்களுக்குள்ள இருக்கறத அவன் எதுக்குப் படிக்கணும்" என்றார். இனி வருவது அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது. ஒரு சொல்லும் மாற்றவில்லை.

டெல்மர், அப்பா பேசறேன். நல்லா இருக்கேன். நீ பஸ் ஏறின அன்னிக்கு நான் வீட்டுக்குத் திரும்பல. டிரக்க எடுத்துக்கிட்டு பஸ்ஸு பின்னாலயே வந்தேன். பஸ் நின்ன எடத்துல ஸ்கூல்லேருந்து ஒரு அம்மா வந்து உன்னக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் பின்னாலயே வந்து ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன். பெட்டிய அவங்க தூக்கல, நீதான் தூக்கின. ஸ்கூல் படில கால் தவறி விழுந்துட்ட. பெட்டி தொறந்து துணியெல்லாம் கொட்டிடுச்சு. அந்த அம்மா பேசாம நின்னுச்சு. எனக்கு ஓடி வந்து தூக்கணும்னு இருந்துச்சு. நீ என்கிட்ட கேட்டது அதுக்கில்லன்னு தெரியும். பாக்கெட்டுல கைய விட்டுக்கிட்டு நின்னேன். நீ ஒண்ணொண்ணாத் தடவி எடுத்து வச்சு, பெட்டிய மூடி, ஏறிப் போயிட்ட. கதவு சாத்தினப்புறம்தான் கிளம்பினேன். வீட்டுக்கு வர ராத்திரி ஆயிடுச்சு. டிரக்கு ரிப்பேர்னு உங்கம்மாகிட்ட சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல. உடம்பப் பாத்துக்க.

இவ்வளவுதான் சொன்னார். பெயரைத் தானே அடிக்கவேண்டும் என்றார். எந்த விசை என்று மட்டும் சொன்னேன். இரண்டு தடவை தப்பாக விழுந்தது, அதையும் அப்படியே விட்டிருக்கிறேன். நான் தொடவில்லை, டெல்மர். இதற்குக் கீழே இருப்பது முழுக்க அவர் கை.

அப்பா